நெடுந்தீவின் மட்டக்குதிரைகள்

யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை வழியாகப் புங்குடுதீவைக் கடந்து குறிகட்டுவான் துறையை அடைவோர், அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடலிற் சென்றால் நெடுந்தீவைக் காண்பர். சோளகக் காற்று வீசும் திங்கள்களில் அந்த ஒரு மணிநேரம் இரண்டெனத் தோன்றும். படகு மாவலித்துறையை நெருங்கும்போது முதலிற் கண்ணிற் படுவன பனைகளே. பின்னர் கரையிலிறங்கி நடந்தால், சாந்தின்றி அடுக்கப்பட்ட முருகைக்கல் மதில்கள் வளவு வளவாக விரிந்து செல்லும். கல்லுக்குக் கல் எப்படித்தான் பிடித்துக்கொண்டு நிற்கின்றனவோ என்று வியவாதார் இலர்.

ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இத்தீவைப் பற்றி எழுதுவோர் ஒல்லாந்தர் கோட்டையையும், புறாக்கூட்டையும், உட்பொள்ளிய பெருக்கமரத்தையும் தவறாது எழுதிவிட்டனர். யான் அவற்றை மீண்டும் எழுதப் போவதில்லை. இத்தீவின் தென்பால் வெளிகளில் மேயும் மட்டக்குதிரைகளே இக்கட்டுரையின் பொருள். அவற்றைக் காண விரும்புவோர் பெரும்பாலும் மார்கழியிலோ தையிலோ செல்கின்றனர். அப்பொழுது மழை பெய்து ஓய்ந்து, வெளியெங்கும் பசும்புல் படர்ந்து, குளங்கள் நிறைந்து, குட்டிகள் துள்ளும் காட்சி கண்ணுக்கு இனிது. ஆனால் அக்குதிரைகள் எவ்வாறு வாழ்கின்றன என்பதை அறிய வேண்டுமாயின் ஆவணியிற் செல்லவேண்டும்.

இவற்றின் முன்னோரைப் போர்த்துக்கேயர் கொணர்ந்தனர் என்பர். ஒல்லாந்தர் காலத்தில் இங்கே குதிரைகள் வளர்க்கப்பட்டன. பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில், 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அயர்லாந்தைச் சேர்ந்த நோலன் என்னும் படை அதிகாரி தீவின் பொறுப்பை ஏற்றுக் குதிரை வளர்ப்பையும் நடத்தினார். லாயங்களின் கற்றூண்கள் இன்றும் நிரையாக நிற்கின்றன. வளர்த்தவர் போயினர், குதிரைகள் நின்றுவிட்டன. கட்டுவாரும் தீனி வைப்பாரும் இன்றித் தலைமுறை தலைமுறையாகத் தாமே பிழைத்து, உருவிற் சிறுத்து, உரம் பெற்றுவிட்டன. அவற்றைத் தீவுக்கு வெளியே கொண்டுசெல்லல் ஆகாது என்பது சட்டம். 2015 ஆம் ஆண்டில் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

சட்டத்தாற் காக்கலாம், ஆயினும் வெயிலுக்குச் சட்டம் இல்லை. வடகீழ்ப் பருவமழை மார்கழியோடு அடங்கிவிட்டால் இத்தீவுக்கு வரும் மழை மிகச் சிறிது. வைகாசிக்குப் பின் புரட்டாதி வரை வானம் வெளிறிக் கிடக்கும். தீவின் அடியிலோ முருகைக்கற் பாறை. மழைநீர் அதனூடே இறங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய ஏடுபோல மிதந்து நிற்கும். அவ்வேட்டை மிகுதியாக இறைத்தாற் கீழிருந்து உவர் ஏறிவிடும். ஆதலால் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றை உடைய வீட்டார் செல்வர் போன்றவர். சாராப்பிட்டிக் கிணறுகளின் புகழை வேறு ஊரார் கேட்டால் நகைப்பர், தீவார் நகையார். குளங்களும் கேணிகளும் வற்றியபின் குதிரைகள் எங்கே செல்லும்? கடும் வறட்சி ஆண்டுகளில் அவை நீரின்றி மாண்ட செய்தியை நாம் நாளேடுகளிற் படித்திருக்கின்றோம்.

கடந்த ஆவணியில் எம் கல்லூரி மாணவர் சிலருடன் அங்கே சென்றிருந்தேன். வற்றிய குளமொன்றின் கரையில், முருகைக்கல் மதிலின் ஓரமாக, கிழட்டுப் பெண்குதிரை ஒன்று தலை தொங்க நின்றது. கூட்டம் அதனை விட்டு நெடுந்தூரம் போய்விட்டது. மூக்குத் துளைகள் விரிந்து மூடின, விலா இறைத்தது. மாணவர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்: நிமிடத்திற்கு அறுபதுக்கு மேல். ஓய்ந்து நிற்கும் குதிரை நிமிடத்திற்கு எட்டு முதல் பதினாறு முறையே மூச்சு விடுவது வழக்கம்.

அயல் வளவிலிருந்து பெரியவர் ஒருவர் வந்தார். வீடுகளின் முற்றத்துக்கு வந்து தண்ணீர் குடித்துப் பழகிய குதிரையாம் அது. அவருடைய குரலுக்கு ஒதுங்காது நின்றது. மேலுதட்டை மெல்லத் தூக்கி ஈறைக் காட்டினார். வெளிறிப் பிசுபிசுத்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தார். நலமுள்ள குதிரையாயின் இரண்டு விநாடிக்குள் அவ்விடம் சிவக்கும். இங்கே நாங்கள் நான்கு எண்ணினோம். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். அது மடிப்பாகவே நின்றது. தோளின்கீழ்த் தடவிப் பார்த்து, "வேர்வை நிண்டு போச்சு, தம்பி. உதுதான் பயம்" என்றார்.

அவர் கூறியதன் பொருளைச் சற்று விரித்துரைத்தல் தகும். குதிரையின் உடலைச் சூடேறும் உலை எனலாம். தசைகள் தமக்குக் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கையே அசைவாக மாற்றுகின்றன, எஞ்சியது வெப்பமாகிவிடும். நாய் இரைத்து வெப்பம் தணிக்கும். குதிரை, மனிதனைப் போல, வியர்த்தே தணிக்கின்றது. ஆயின் நம் வியர்வைக்கும் அதன் வியர்வைக்கும் ஒரு வேற்றுமை உண்டு. குதிரையின் வியர்வை உப்பு மிகுந்தது. நாம் வியர்த்தால் நீர் மிகுதியாகவும் உப்புக் குறைவாகவும் வெளியேறுவதாற் குருதியில் உப்புச் செறிந்து தாகம் எழுகின்றது. குதிரைக்கு நீரும் உப்பும் ஒருங்கே போய்விடுவதால், உடல் வறண்டும் தாகம் எழாதிருத்தல் கூடும். வெயிலிற் களைத்த குதிரை தண்ணீரைக் கண்டும் குடியாது நிற்பதற்கு இஃது ஒரு காரணம். வியர்வையே நின்றுவிட்டால் வெப்பம் வெளியேற வழியில்லை. இயல்பில் 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ் வரை இருக்கும் உடல்வெப்பம் 40 பாகையைத் தாண்டிவிட்டால் மூளையும் குடலும் கேடுறத் தொடங்கும்.

பெரியவர் முதலிற் செய்தது தண்ணீர் கொணர்தல் அன்று. குதிரையை மதிலோரத்திலிருந்து நகர்த்தினார். எங்களுக்கு அது வியப்பாயிருந்தது. மதிலின் அடியில் ஒரு முழ நிழலாவது உண்டே! ஆனால் அந்த மதில் சோளகத்தை மறித்து நின்றது. வெண்கல் வெயிலை வாங்கி வாங்கி வீசியது. இருபது பாகம் தள்ளிப் பூவரசின் கீழ் நிழலும் இருந்தது, காற்றும் இருந்தது. தோளோடு தோளாக அணைத்து அடியடியாக அங்கே நடத்திச் சென்றார். இதற்கிடையில் மாணவரொருவர் வனசீவராசிகள் திணைக்களத்தாருக்குத் தொலைபேசியில் அறிவித்தார். காட்டு விலங்கை நாமாகத் தொடுதல் எப்பொழுதும் நன்றன்று. இது பழகிய விலங்காதலாலும், அவர்கள் வரும்வரை அது தாங்குமோ என்னும் ஐயத்தாலும் பெரியவர் காத்திருக்கவில்லை.

அடுத்து நீர். வளவில் இரண்டு கிணறுகள்: ஒன்று நல்ல தண்ணீர், மற்றது உவர். வீட்டுக்கார அம்மையார் வேலியருகே நின்றபடி, "குடிக்கக் குடுக்கிறதெண்டா நல்ல கிணத்திலை அள்ளுங்கோ பிள்ளையள். அதுவும் எங்கட சீவன்தானே. பின்னேரத்துக்கு எங்களுக்கு ரெண்டு வாளி மட்டும் விட்டால் காணும்" என்றார். அவ்வீட்டில் ஐந்து பேர் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

பெரியவரோ மேலே ஊற்றுவதற்கு நல்ல தண்ணீரைத் தொடவும் விடவில்லை. "ஊத்த உவர்த்தண்ணி காணும்" என்றார். உண்மைதானே! தோலைக் குளிர்விக்கும் நீருக்குச் சுவை எதற்கு? வாளி வாளியாக உவர்நீரை இறைத்துக் கழுத்து, மார்பு, விலா, தொடைகளின் உட்புறம் என்று இடைவிடாது ஊற்றினோம். மாணவர் ஒருவர் சாக்கொன்றை நனைத்து முதுகின்மேல் விரித்தார். பெரியவர் அதை உடனே எடுத்தெறிந்தார். ஈரச்சாக்குச் சிறிது நேரத்திற் சூடேறிப் போர்வையாகிவிடும், ஆவி வெளியேறாது. ஓடும் நீரும் ஓடும் காற்றுமே வெப்பத்தை எடுத்துச் செல்வன.

சூடேறிய குதிரைமேற் குளிர்நீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும், உயிருக்கே கேடு என்னும் அச்சம் நெடுங்காலம் பல நாடுகளில் இருந்தது. 1996 ஆம் ஆண்டில் அத்லாந்தா நகரில் ஒலிம்பிக் விளையாட்டுக்கள் நடைபெறுமுன், அந்நகரின் வெப்பமும் ஈரப்பதமும் பந்தயக் குதிரைகளை வாட்டுமே என்று கவலைகொண்ட விலங்கு மருத்துவர்கள் இதனை ஆராய்ந்தனர். குளிர்நீரை நிறைய ஊற்றுதலே உடல்வெப்பத்தை விரைவிற் குறைக்கும், அஞ்சிய கேடு விளைவதில்லை என்று கண்டனர். வெயிலேறிய குதிரைக்குக் குடிக்க நீர் கொடாது மறித்து வைக்கும் பழக்கமும் அவ்வாறே தள்ளப்பட்டுவிட்டது. நெடுந்தீவுப் பெரியவர் அத்லாந்தாவைக் கேள்விப்பட்டிரார்.

இங்கே ஒன்று நினைவுக்கு வருகின்றது. கடல்வழியாகக் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. நரியைப் பரியாக்கிய திருவிளையாடலும் பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகரின் வரலாற்றில் எழுந்ததே. நம்மவர் பொன்னைக் கொட்டிக் குதிரை வாங்கினர். ஆனால் 13 ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, வந்திறங்கும் குதிரைகளிற் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றன என்றும், அவற்றைப் பேணும் முறை இங்கே அறியப்படவில்லை என்றும் எழுதிவைத்தார். அரபு வணிகர்க்கு அதனால் ஆண்டுதோறும் வாணிகம் நடந்தது. அரண்மனை லாயத்துக்கு வாய்க்காத கைப்பக்குவம் ஒன்று, லாயமே இல்லாத இத்தீவின் வளவொன்றில் இருந்ததைக் கண்டபோது எனக்கு மகிழ்ச்சியுண்டாயிற்று.

ஏறத்தாழ அரைமணி நேரம் ஊற்றியபின் மூச்சு நாற்பதாகக் குறைந்தது. அகன்ற தொட்டியில் நல்ல தண்ணீர் வைத்தோம். குதிரை முதலில் மூக்கை மட்டும் நனைத்தது. பெரியவர் தம் விரல்களை நனைத்து அதன் உதட்டில் தடவினார். பிறகு குடித்தது, நிறுத்தியது, மீண்டும் குடித்தது. எவரும் பேசவில்லை. இரண்டு வாளி எஞ்சவேண்டும் என்னும் எண்ணம் கயிற்றைப் பிடித்திருந்த மாணவருக்கு இருந்தது போலும். அவர் அடிக்கடி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

திணைக்களத்தார் வந்து பார்த்து, வயிற்றில் காது வைத்துக் குடலோசை கேட்கின்றதா என்று ஆராய்ந்தனர். நீர் வறண்ட குதிரைக்குச் சாணம் இறுகி வயிற்றுவலி வருதல் உண்டு. கோடையில் அடிமட்டம்வரை மேய்ந்து தீர்ந்த வெளியிற் புல்லோடு மணலையும் விழுங்குவதால் அவ்விடர் இன்னும் மிகும். பிழைத்துவிடும் என்று அவர்கள் சொல்லவில்லை. இரவு கழிந்தாற் பார்க்கலாம் என்றனர். நாங்கள் படகேறப் புறப்பட்டபோது அது பூவரசின் கீழே நின்றுகொண்டுதான் இருந்தது. காது மட்டும் எங்கள் பக்கம் திரும்பிற்று.

தொட்டிகள் சில இப்பொழுது வெளியில் ஆங்காங்கே உள. வறட்சியில் கடற்படையினரும் ஊராரும் நீர் கொண்டுவந்து நிரப்பியதுண்டு. ஆயினும் ஒரு செய்தியைத் தீவார் சொல்லக் கேட்டேன், எழுதத் தக்கது. இக்குதிரைகள் ஓர் ஆண்குதிரையும் சில பெண்குதிரைகளும் குட்டிகளுமாகச் சிறு கூட்டங்களாய்த் திரிவன. வலிய கூட்டம் தொட்டியைச் சூழ்ந்து நின்றால் எளிய கூட்டம் அண்டமாட்டாது. ஆகவே பெரிய தொட்டி ஒன்றைக் கட்டுவதினும், ஒன்றையொன்று காணாத தூரத்திற் சிறிய தொட்டிகள் நான்கைக் கட்டுவது பயன் தரும். குட்டியின் வாய்க்கு எட்டும் உயரமும் வேண்டும். நம் முன்னோர் தெருவோரங்களிற் சுமைதாங்கியும் ஆவுரஞ்சிக்கல்லும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்தபோது இத்தகைய அளவுகளை எல்லாம் நன்கு எண்ணியே அமைத்தனர்.

காணச் செல்வோர்க்கும் ஒரு சொல். நடுப்பகலில் வாகனத்தில் விரட்டிக் குதிரைகளை ஓடவிட்டுப் படம் பிடிப்பாரை யான் கண்டேன். ஓடும் குதிரையின் படம் அழகியதாய் இருக்கலாம். ஓடியதன் வெப்பத்தைத் தணிக்க அவற்றுக்கு ஒரு சொட்டு நீரும் அங்கே இல்லை. காலையிலோ பொழுது சாயும் வேளையிலோ சென்று, தொலைவில் நின்று பார்த்தால் அவை தாமே வரும்.

அந்த வளவுக்கு அருகிலுள்ள ஊர்ப்பொதுக் குளம் பல ஆண்டுகளாகத் தூர் வாரப்படவில்லை. ஐப்பசி மழைக்கு முன் அதனை ஆழப்படுத்தினால் ஒரு திங்களாவது கூடுதலாக நீர் நிற்கும் என்று பெரியவர் கூறினார். மாணவர் பதினால்வர் பெயர் கொடுத்துள்ளனர். மண்வெட்டி கொண்டுவர வேண்டாம், தீவிலேயே உண்டு என்றும், குடிக்கும் தண்ணீரை மட்டும் கொண்டுவரும்படியும் அவர் சொல்லியனுப்பியிருக்கின்றார்.