கடலுக்குள் திறக்கும் சுரங்கம்

சார்டினியா போய் வந்தேன் என்றதும் எங்கள் ஊர் மாரிக்குப்பத்தில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "கடல் எப்படிப்பா இருந்துச்சு?" மத்தியதரைக் கடல் நீலமாகத்தான் இருந்தது. அவ்வளவுதான்.

மனசில் நிற்பது மசுவாவில் பார்த்த போர்த்தோ ஃப்ளாவியா. செங்குத்துப் பாறையின் நடுவில், கடலைப் பார்த்துத் திறக்கும் சுரங்கவாய். 1924இல் செசாரே வெச்செல்லி என்ற பொறியாளர் கட்டி, மகள் பெயரை வைத்தார். அதுவரை ஈய, துத்தநாகத் தாதுவைக் கூடை கூடையாகத் தோளில் சுமந்து படகில் ஏற்றினார்களாம். பிறகு மலைக்குள்ளேயே கொட்டிவைத்து, பெல்ட் வழியாக நேரே கப்பலுக்கு.

ஹெல்மெட்டை மாட்டியதும் அப்பா ஞாபகம். உள்ளே சில்லென்று காற்று! எங்கள் ஊர்ப் பக்கத்துச் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே அவர் இறங்கிய இடத்தில் பாறையே சுடும்; வேர்வையில் நனைந்துதான் மேலே வருவார்.

பக்கத்து ஊர் புஜ்ஜெர்ருவில் 1904இல் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களைச் சுட்டார்கள். இத்தாலி முழுக்க வேலைநிறுத்தம் பரவியது. "எங்க ஊர்லயும் 1946ல சுட்டாங்க" என்றேன். வழிகாட்டிப் பெண் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், "அங்கே என்ன தோண்டினீர்கள்?" தங்கம் என்றதும் என் சட்டையை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

அங்கே மூடிய சுரங்கத்துக்கு டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். நம்முடையது மூடியது 2001 பிப்ரவரி 28.

அன்று ராத்திரி அங்கே ஃப்ரெகுலா சாப்பிட்டோம். ரவையை உருட்டி வறுத்தது. "ஜவ்வரிசி உப்புமாதானே இது?" என்றாள் மனைவி. இன்று காலை ஊரில் வாசலைப் பெருக்கினால், வழக்கம்போல சுரங்கக் கழிவான சயனைட் மேட்டுத் தூசி.