எஞ்சினுக்கு முன் துரு

காலஞ்சென்ற காக்காவின் 1974ஆம் ஆண்டு டொயோட்டா செலிக்கா, பொத்துவிலில் அவரது வீட்டுக் கொட்டிலில் இருபது வருடங்களாக ஓடாமல் நிற்கிறது. பழைய இரும்புக்கு விற்பதா, திருத்துவதா என்று மதினி கேட்டார். அவருடைய மகனோ, புதிய எஞ்சின் பூட்டலாம் என்கிறான்.

அவனது ஆசையிலும் நியாயமுண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைக்காலத்தில் பழைய வாகனங்களுக்கும் விலை ஏறிவிட்டது. ஆனால், செலவாகப் போவது மதினியின் சேமிப்பு.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது துரு. இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது; உடலே சட்டகம். கடற்காற்றின் உப்பு அடித்தட்டையும், முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் இடங்களையும் தின்றிருந்தால் எந்த எஞ்சினாலும் பயனில்லை.

உடல் உறுதியானால், உடனே பற்றரி கொடுத்து ஸ்டார்ட் செய்யும் அவசரம் ஆகாது. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவைத்துக் கையால் சுழற்ற வேண்டும். சுழன்றால், பழைய பெற்றோலை வடித்து, கார்புரேட்டரைக் கழுவி, பிறேக்கை முழுமையாகப் புதுப்பிக்கலாம். இறுகியிருந்தாலும் வழியுண்டு: இதிலுள்ள 1588 சிசி 2ரி எஞ்சின் அக்காலக் கரினாவிலும் வந்ததுதான். வேறு எஞ்சின் என்றால் கியர்பெட்டி, தாங்கிகள், பதிவுப் புத்தகம் எல்லாவற்றிலும் கைவைக்க நேரும்.

மதினியிடம் சொன்னது இதுதான்: முதற்பணம் டிங்கர் பாஸுக்கு. அவர் அடித்தட்டைத் தட்டிப் பார்த்துச் சொல்லும்வரை எஞ்சினுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம்.