கண்டிக்கோட்டை விளிம்பில் ஒரு காலை நடை

விடுப்புக் கிடைத்தால் ஊருக்குப் புறப்படுவதே நம்மவர் வழக்கம். அது வேண்டியதே. ஆயினும் ஆண்டில் பதினொரு திங்கள் நமக்குச் சோறிடும் மண்ணை நம் குழந்தைகள் ரயில் சன்னல் வழியாக மட்டுமே கண்டு வளர்வது முறையாகுமா? ராயலசீமையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒரு நாளில் சென்று வரத்தக்க இடம் ஒன்றை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

கடப்பை மாவட்டத்தில் எர்ரமலைக் குன்றுகளைப் பிளந்துகொண்டு பெண்ணாறு செல்லும் இடத்தில் அமைந்தது கண்டிக்கோட்டை. தெலுங்கில் 'கண்டி' என்றால் மலையிடுக்கு. செந்நிறப் பாறைகள் ஏறத்தாழ 300 அடி செங்குத்தாக இறங்க, அடியில் ஆறு கிடக்கிறது. நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்னரே படிந்த மணல் இறுகிக் குவார்ட்சைட் என்னும் இந்தப் பாறையாயிற்று. விளிம்பை ஒட்டிக் கோட்டை நிற்கிறது. கோல்கொண்டாவின் அமைச்சரும் தளபதியுமான மீர் ஜும்லாவைப் பிரெஞ்சு வணிகர் தவெர்னியே 1652-ல் வந்து கண்டது இங்கேதான்.

இந்த ஆறு நமக்கு அயலன்று. கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியிலேதான் இதுவும் தென்பெண்ணையும் பிறக்கின்றன. ஒருத்தி தமிழகம் புகுந்து கடலூர் அருகே கடலைச் சேர்கிறாள்; மற்றவள் தெலுங்கு நாட்டில் வாழ்ந்து நெல்லூருக்கு அப்பால் சேர்கிறாள். இதைச் சொன்னபோது, காவிரியை மட்டுமே ஆறென்று எண்ணியிருந்த என் மகன், "அப்படியானால் இது நம் சித்தி வீட்டு ஆறு" என்றான்.

சென்னை–மும்பை இருப்புப்பாதையில் உள்ள முத்தனூரு நிலையத்தில் இறங்கினால் கோட்டைக்குச் சுமார் 25 கிலோமீட்டர். 2016-ல் திறக்கப்பட்ட எர்ரகுண்ட்லா–நந்தியால் பாதையில் உள்ள ஜம்மலமடுகு இன்னும் அண்மை. அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர். முந்தின இரவே ஜம்மலமடுகில் தங்குவது நலம்.

இனி, திட்டம். கால அட்டவணையோடு பழகியவன் நான். திரும்பும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிடுவேன். வெயில் ஏறும் 11 மணிக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். அதற்கு 7 மணிக்குக் கோட்டை வாயிலில் இருக்க வேண்டும். சிற்றூரையும் மசூதியையும் கடந்து விளிம்பை அடைந்து, வலமோ இடமோ ஒரு பக்கமாக மெல்ல நடக்கலாம். ஆனால் 8.30 ஆனதும் எங்கிருந்தாலும் திரும்பிவிட வேண்டும். அடுத்த வளைவில் இன்னும் அழகான காட்சி இருப்பதாக மனம் இழுக்கும். அதற்குச் செவி சாய்க்கலாகாது. எங்கள் வீட்டில் கடிகாரத்தை மகனிடமே கொடுத்துவிடுவோம். ஆசை மிகுந்தவனிடம் பொறுப்பைக் கொடுத்தால் அவனே காவலனாகிவிடுகிறான்.

விளிம்பில் தடுப்புச் சுவர் கிடையாது. ஆகையால் ஓரத்துக்கு இரண்டு பாக தூரம் இப்பால் நடக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர். குழந்தை உட்பக்கம், பெரியவர் பள்ளத்துப் பக்கம். பார்க்க வேண்டுமானால் நின்று பார்க்கலாம்; நடந்துகொண்டே பார்க்கக் கூடாது. படம் எடுப்போர் பின்னோக்கி அடி வைக்கவே கூடாது. மழை பெய்து பாறை ஈரமாயிருந்தால் கோயிலோடு திரும்பிவிடுக. ஆற்றில் இறங்கும் எண்ணம் வேண்டவே வேண்டா. கூட்டத்தில் மெதுவாக நடப்பவரே முன்னே செல்லட்டும்.

முழங்கால் வலியுள்ள பெரியவர்களை வீட்டில் விட்டு வர வேண்டியதில்லை. மாதவராயர் கோயிலும் பழைய தானியக் களஞ்சியமும் கோட்டைக்குள்ளேயே உள்ளன. மற்றவர்கள் விளிம்புக்குச் சென்று வரும் வரை, துணைக்கு ஒருவரோடு அவர்கள் கோயிலில் இருக்கலாம்.

பெரியவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு லிட்டர் தண்ணீர், தலைக்குத் துணி, வழுக்காத காலணி, தயிர்சாதம் ஆகியவை போதும். உண்ட இலையையும் தாளையும் திரும்ப எடுத்து வருக. கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். சித்திரை வைகாசியில் போக நினைப்போர் நினைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்நாளில் அப்பாறை தோசைக்கல்லாகக் கொதிக்கும். ஊர்ப்பயணத்துக்குச் சேர்த்த விடுப்பில் கைவைக்க வேண்டியதில்லை. ஒரு ஞாயிறும் அதற்கு முந்தின இரவுமே இதற்குப் போதும்.