கேஏ 51-ல இருந்து டிஎன் 70 வரை

பழைய வண்டி வாங்கப் போறவங்க என்கிட்ட கேக்கற மொத கேள்வி, "இஞ்சினை எப்படிங்க பாக்கறது?" நான் சொல்ற பதில் பல பேருக்குப் பிடிக்காது. இஞ்சினை அப்புறம் பாருங்க, மொதல்ல ஆர்சி புக்கைப் பாருங்கன்னு சொல்லுவேன். ஏன்னு கேட்டா கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். பொறுத்துக்கோங்க மக்களே.

2016 மார்ச்ல வாங்கினேன். 2010 மாடல் ஸ்கார்பியோ, 2.2 லிட்டர் எம்ஹாக் இஞ்சின். எலக்ட்ரானிக் சிட்டியில ஒரு சாஃப்ட்வேர்காரர் வச்சிருந்தது. எங்க வீட்ல அம்மா, அப்பா, தங்கமணி, ரெண்டு வாண்டுங்க, நான்னு ஆறு பேர். அதுவரைக்கும் இருந்தது ஒரு மாருதி 800. எல்லாரும் சேர்ந்து கிளம்பினா ஒருத்தர் பஸ்ல வரணும். பெரும்பாலும் அந்த ஒருத்தர் நான்தான் :)

சிப்காட்ல ஒரு சின்ன மெஷின் ஷாப்புல குவாலிட்டி பாக்கறவன் நான். மைக்ரோமீட்டர் புடிச்ச கை சும்மா இருக்குமா? ரெண்டு மணி நேரம் வண்டியைக் குடைஞ்சேன். கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற இடைவெளி நாலு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு பாத்தேன். பிரேக் பெடல் ரப்பர் எவ்வளவு தேஞ்சிருக்கு, மீட்டர் காட்டற கிலோமீட்டருக்கு அது ஒத்துப் போகுதான்னு பாத்தேன். காலையில போய் குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி புகை பாத்தேன். எல்லாம் பாத்தவன் ஆர்சியில பாங்க் லோன் இன்னும் ஏறி நிக்கறதைப் பாத்துட்டும், "அடுத்த மாசம் முடிச்சு பேப்பர் தரேன் சார்"னு அவர் சொன்னதுக்குத் தலையாட்டிட்டு வண்டியை ஓட்டிட்டு வந்துட்டேன். எங்க ஷாப்புல இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் இல்லாம ஒரு பீஸ் கேட் தாண்டாது. சொந்தக் காசுன்னா மட்டும் எப்படியோ கண்ணு மங்கிடுது.

வண்டியை குறை சொல்ல மாட்டேன். லிட்டருக்கு பதினொண்ணு, பன்னெண்டு குடுக்கும். ஆறு வருஷ வண்டிக்கு உண்டான செலவு வச்சுது. கிளட்ச் பிளேட், முன்பக்க புஷ், ஏசி கேஸ். அதுக்கெல்லாம் மனசைத் தயார் பண்ணிக்கிட்டுதான் பழைய வண்டிக்குப் போகணும். பெரிய லாபம், ஓசூர்ல எந்த மெக்கானிக்கும் இந்த வண்டியைப் பாத்து முழிக்க மாட்டார். மாம்பழ சீசன்ல காவேரிப்பட்டணத்துல இருக்கற மாமனார் வீட்டுக்குப் போனா, பின் சீட்டை மடக்கிட்டு கூடை கூடையா ஏத்தலாம். ஒரு வாரத்துக்கு வண்டி முழுக்க பெங்களூரா மாம்பழ வாசம்.

அடுத்த மாசம் அடுத்த மாசம்னு ஆறு மாசம் ஓடிடுச்சு. ஆர்சி அவர் பேர்ல. இன்சூரன்ஸ் அவர் பேர்ல. நம்பர் கேஏ 51.

2016 செப்டம்பர் 12, திங்கக்கிழமை. அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன் ஆகி பெங்களூர்ல செக்கப். காவிரி விஷயம் ஏற்கெனவே சூடா இருந்துது. 9-ம் தேதிதான் கர்நாடகா பந்த் முடிஞ்சிருந்துது. அன்னிக்கு சுப்ரீம் கோர்ட், தினம் 15,000 கன அடின்னு இருந்ததை 12,000 ஆக்கி, 20-ம் தேதி வரைக்கும் விடணும்னு சொல்லிடுச்சு. ஆஸ்பத்திரி டிவியிலயே டிஎன் நம்பர் லாரி எரியறதைக் காட்டினாங்க. அம்மாவைக் கூட்டிட்டு கிளம்பிட்டேன்.

சந்தாபுரம் தாண்டறதுக்குள்ள ரோட்ல கும்பல். டயர் எரியுது. ஒவ்வொரு வண்டியா குனிஞ்சு நம்பர் பிளேட்டைப் பாக்கறாங்க. என் முறை வந்துது. கேஏன்னு பாத்ததும் பாதி முகம் இளகிடுச்சு. ஒரு பையன் கண்ணாடிகிட்ட வந்து "எல்லிகே?"ன்னான். எனக்கு வாய் வரல. அம்மா பொறந்தது தேன்கனிக்கோட்டை பக்கம். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூணும் ஒரே பாஷை மாதிரி பேசுவாங்க. கறுப்புக் கண்ணாடியைக் கழட்டாமலே, "கண்ணு ஆபரேஷன் ஆகிதெ, பிடப்பா"ன்னாங்க. அவன் கையை ஆட்டி வழி விட்டுட்டான்.

எனக்குப் பின்னாடி ஒரு வெள்ளை ஆம்னி. டிஎன் 24. கிருஷ்ணகிரி வண்டி. அதை ரொம்ப நேரமா கண்ணாடியில பாத்துக்கிட்டே வந்திருந்தேன். முன் சீட்ல ஒரு அம்மா, மடியில குழந்தை. நான் நகர்ந்ததும் கும்பல் மொத்தமும் அந்த வண்டியைச் சுத்திக்கிச்சு.

நான் நிறுத்தல. திரும்பியும் பாக்கல. கியரை மாத்திட்டு வந்துட்டேன்.

அத்திப்பள்ளியில ரெண்டு பக்க பஸ்ஸும் நிக்குது. ஜனங்க மூட்டை முடிச்சோட பார்டரை நடந்து தாண்டறாங்க. ஜூஜுவாடி பக்கம் நம்ம போலீஸ், "கேஏ வண்டி உள்ள போகக் கூடாது, திரும்புங்க"ன்னுட்டாங்க. ஆர்சியைக் கேட்டாங்க. பேர் வேற, விலாசம் பெங்களூர். "யார் வண்டிப்பா இது?" என் வண்டிதான்னு சொல்ல கையில ஒரு காகிதம் இல்லை. கடைசியில என் லைசென்ஸ்ல இருந்த ஓசூர் விலாசத்தையும், அம்மா கண்ணையும் பாத்து விட்டாங்க.

வீட்டு வாசல்ல நிறுத்தினா அடுத்த பயம். சந்தாபுரத்துல என்னைக் காப்பாத்தின அதே நம்பர் பிளேட் இங்க வில்லன். எதிர்வீட்டு அண்ணன், வீட்ல கன்னடம் பேசறவர், டெம்போ வச்சிருக்கார். நான் கேக்காமலே தார்ப்பாயைத் தூக்கிட்டு வந்து, ரெண்டு பக்க நம்பரையும் மூடி கயிறு கட்டிட்டு, "தூங்கு போ"ன்னார்.

எங்க தூங்கறது? அப்பதான் மண்டையில உறைச்சுது. இந்த வண்டி இன்னிக்கு ராத்திரி எரிஞ்சா எனக்குப் பத்து பைசா வராது. கலவரத்துல சேதமானா முழு இன்சூரன்ஸ்ல பணம் உண்டு. ஆனா பாலிசி என் பேர்ல இல்லையே! வண்டி கை மாறினா மூணாம் நபருக்கான காப்பு தானா கூட வரும். நம்ம வண்டியோட சேதத்துக்கு அப்படி வராது. பதினாலு நாளுக்குள்ள எழுதிக் குடுத்து பேர் மாத்தியிருக்கணும். நாலே முக்கால் லட்சம் தார்ப்பாய்க்கு அடியில நிக்குது, சட்டப்படி அது எனக்கு சம்பந்தமில்லாத இரும்பு.

ரோடு தெளிஞ்சதும் அவர் வீட்டு வாசல்லயே போய் உக்காந்துட்டேன். பாங்க்ல லோன் முடிஞ்சதுக்கு ஃபார்ம் 35, ஊர் மாத்த என்ஓசிக்கு ஃபார்ம் 28, பேர் மாத்த 29, 30, இங்க புது நம்பருக்கு ஃபார்ம் 27. வேற ஸ்டேட்ல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா புது நம்பர் வாங்கியே ஆகணும்ங்கறது மோட்டார் வாகன சட்டத்தோட 47-வது பிரிவு. அங்க கட்டின வாழ்நாள் வரியில மிச்ச காலத்துக்கு உள்ளதைத் திருப்பிக் கேக்கலாம், அதுக்கும் அலையணும். இங்க வண்டி வயசுக்கு ஏத்த மாதிரி மறுபடி வரி. 2017 ஆரம்பத்துல டிஎன் 70 கைக்கு வந்துது.

விக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். வித்தாச்சு, காசு வந்தாச்சுன்னு விட்டுடாதீங்க. ஆர்சியில யார் பேரோ அவர்தான் ஓனர், ஆக்சிடெண்ட் நஷ்ட ஈடு அவர் தலையிலதான்னு சுப்ரீம் கோர்ட் 2018 பிப்ரவரியில (நவீன்குமார் வழக்கு) சொல்லிடுச்சு. 2021-ல வந்த பிஎச் நம்பர் இருந்தா ஸ்டேட் தாண்டினாலும் தொல்லை இல்லை. ஆனா அது சர்க்கார் வேலைக்காரங்களுக்கும், குறைஞ்சது நாலு ஸ்டேட்லயாவது ஆபீஸ் வச்சிருக்கற கம்பெனி ஆளுங்களுக்கும்தான். எங்க முதலாளிக்கு இருக்கறது ஒரே ஷெட் :)

வண்டி இன்னும் ஓடுது. 2025-ல பதினஞ்சு வருஷம் ஆச்சுன்னு 5,000 ரூபாய் கட்டணம், அதுக்கு மேல பசுமை வரின்னு கட்டி, இன்னும் அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சிருக்கேன்.

பழைய கேஏ பிளேட் ரெண்டும் பரண்ல இருக்கு. இரும்புக்கடைக்குப் போடுங்கன்னு தங்கமணி ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்றாங்க. போட மனசு வரல. அதை எடுக்கும்போதெல்லாம் கண்ணாடியில தெரிஞ்ச அந்த ஆம்னிதான் ஞாபகம் வருது. இறங்கியிருந்தா நான் என்ன செஞ்சிருக்க முடியும்? தெரியல. ஒருவேளை அம்மா நாலு வார்த்தை பேசியிருப்பாங்க.

இதைப் படிக்கறவங்கள்ல யாராவது அன்னிக்கு சாயங்காலம் அந்த வெள்ளை ஆம்னியில இருந்திருந்தா, இல்லை இருந்தவங்களைத் தெரிஞ்சிருந்தா, ஒரு வரி எழுதுங்க. நல்லபடியா வீடு போய்ச் சேர்ந்தீங்களான்னு மட்டும் சொன்னா போதும்.