பி12 ஊசியை ஏன் மறைத்தேன்

எங்கள் ஓட்டக் குழுவில் முதலில் வீகன் ஆனவன் நான்தான். கறி, மீன், முட்டையோடு பால், தயிர், நெய்யையும் விட்டேன். விட்டதோடு சும்மா இருந்தேனா? ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் நீண்ட ஓட்டம் முடித்து டீக்கடையில் நிற்கும்போது, பால் டீ குடிப்பவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்வேன். அந்த உபதேசத்தில் நான் செய்த பித்தலாட்டங்கள் இவை.

முதலாவது, பாதியை மட்டும் சொன்னது. தாங்குதிறன் விளையாட்டுக்காரர்கள் 70 பேரை வைத்து அமெரிக்காவில் 2016இல் ஓர் ஆய்வு வந்தது. உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதைச் சொல்லும் விஓ2 மேக்ஸ், சைவப் பெண்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 53 மில்லி. அசைவப் பெண்களுக்கு 47. இதை வாட்ஸ்அப் குழுவில் கொட்டை எழுத்தில் போட்டேன். ஆண்களிடம் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று அதே கட்டுரையில் இருந்தது. எடையால் வகுக்காமல் மொத்த லிட்டராகப் பார்த்தால் பெண்களிடமும் இல்லை. எடை குறைந்தால் வகுத்து வரும் எண் கூடத்தானே செய்யும்? படித்தேன், புரிந்தது, சொல்லவில்லை.

இரண்டாவது, ஆள் பொறுக்கியது. வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் பந்தயத்தை 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை வென்ற ஸ்காட் ஜூரெக் வீகன் என்று வாய் ஓயாமல் சொன்னேன். உகாளிக் களியோடு பாலும் கொஞ்சம் கறியும் சாப்பிட்டு உலகத்தையே முந்தும் கென்யர்களைப் பற்றி மூச்சு விடவில்லை. மாரத்தானில் கால்களை ஓட வைப்பதில் பெரும்பங்கு தசையில் சேர்ந்திருக்கும் கிளைகோஜனுக்கு. சோறும் இட்லியும் அதைக் கொடுத்துவிடும். தொட்டுக்கொள்வது சாம்பாரா மீன் குழம்பா என்று அது பார்ப்பதில்லை. வீகன் ஆன வருஷம்தான் நான் பயிற்சியாளரிடமும் சேர்ந்தேன், நேரத்தோடு தூங்கவும் தொடங்கினேன். வேகம் கூடியதற்கான பெருமை முழுவதையும் சாப்பாட்டுக் கணக்கில் எழுதிவிட்டேன்.

மூன்றாவதைத்தான் மன்னிக்க முடியாது. பி12 சத்தைத் தாவர உணவை நம்பிப் பெற முடியாது. கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில வருஷம் தாங்கும். அந்தத் தைரியத்தில் ‘மாத்திரையே வேண்டாம்’ என்று மார்தட்டினேன். பிறகு பாதம் மரத்துப்போகத் தொடங்கியது. புது ஷூ சரியில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, ரகசியமாகப் போய் ஊசி போட்டுக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான், என் பேச்சைக் கேட்டு மாறிய ஒரு பெண் கேட்டாள்: “அண்ணா, உங்களை மாதிரியேதான் சாப்பிடுறேன். ஆனா படி ஏறினாலே மூச்சு வாங்குது.” என் ரத்தப் பரிசோதனைச் சீட்டு அப்போது என் பையிலேயே இருந்தது. “மைலேஜ் கூட்டினதாலதான்மா. ஒரு வாரம் ரெஸ்ட் எடு” என்றேன்.

பிறகு பார்த்தால் அவளுக்கு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருந்தது. தாவர இரும்பு உடலில் குறைவாகத்தான் சேரும். கடும் ஓட்டத்துக்குப் பின் சில மணி நேரம் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, வருவதையும் தடுக்கும். மாதவிலக்கில் வேறு இரும்பு போகும். இத்தனைக்கும் மேல், சுண்டலோடு கட்டன் சாயா குடிக்கப் பழக்கியதும் நான்தான். அதன் டானின் மிச்சத்தையும் கெடுக்கும். சுண்டலில் எலுமிச்சை பிழி, டீயைத் தள்ளிப் போடு, பி12 மாத்திரை போடு, வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் பார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ‘இந்தச் சாப்பாட்டில் எல்லாமே இருக்கிறது’ என்ற என் வீறாப்பு என்ன ஆவது?

நான் இன்றும் வீகன்தான். ஆடு மாடு படும் பாட்டைச் சகிக்க முடியாமல் விட்டவன். அதற்கு விஓ2 மேக்ஸின் சாட்சி தேவையே இல்லை. ஆனால் டீக்கடையில் நாலு ஆம்பளைகளுக்கு நடுவே இரக்கம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. வேகம் என்று சொன்னால் கேட்டார்கள். அந்த வேகத்தையும் ஸ்டான்ஃபோர்டில் ஒரே ஆட்களுக்கு அசைவம், தாவர இறைச்சி, முழுத் தாவர உணவு என நான்கு நான்கு வாரம் கொடுத்து 12 நிமிட ஓட்டத்தில் சோதித்தார்கள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தாவரம் சாப்பிட்டதால் கெட்டுப்போகவில்லை என்பதே எனக்குப் போதுமான சேதி. ஆனாலும் அதைப் படித்தபோது ஏமாற்றமாக இருந்தது. எனக்கு ஜெயிக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குழுவில் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.