லண்டன் பஸ்ஸும் ஒப்பாரிக் கோச்சியும்

வைகாசி, ஆனி மாதங்களில் மொனராகலை பஸ் நிலையத்துக் காலைப்பொழுது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். வெல்லவாயப் பக்கமிருந்து வரும் பஸ்ஸின் கதவால் முதலில் ஒரு நீளமான பலகை வெளியே வரும். அதன் பின்னால் வெயிலில் சிவந்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. எங்கே போகவேண்டும் என்று கொண்டக்டர் கேட்பதில்லை. பலகையைப் பார்த்ததுமே "பொத்துவில், பொத்துவில்" என்று அடுத்த பஸ்ஸைக் காட்டிவிடுவார். பொத்துவிலுக்குப் பக்கத்து அறுகம்பேயில் அலைச்சறுக்குக்கு ஏற்ற அலை எழும்பும் காலம் அது. கச்சான் விற்கிறவரும், மருந்தெடுக்க ஆஸ்பத்திரிக்கு வந்த தோட்டத்துப் பெண்களும் ஒதுங்கிப் பலகைக்கு வழி விடுவார்கள்.

இந்தப் பிள்ளைகள் கட்டுநாயக்காவில் விமானத்தால் இறங்கி வந்தவர்கள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவிலிருந்து கிழக்கே கிளம்பிய அவர்களுடைய தாத்தா வயதுக்காரர்களில் பலர் பஸ்ஸிலும் வேனிலும் தரைவழியாகவே வந்தார்கள். லண்டன், இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், லாகூர், டில்லி என்று நீண்ட அந்தப் பாதை பெரும்பாலானோருக்குக் கோவாவிலோ காட்மாண்டுவிலோ முடிந்தது. தெற்கே இறங்கத் துணிந்தவர்களுக்கு மதராஸ், ராமேஸ்வரம், தலைமன்னார் என்று மேலும் ஒரு வால் இருந்தது. லண்டனிலிருந்து மொனராகலை இருக்கும் இந்த ஊவா மாகாணம் வரை நடுவில் குறுக்கிட்ட கடல் என்று எண்ணினால் ஆங்கிலக் கால்வாய், பாக்கு நீரிணை, 1973இல் பாலம் போடும்வரை இஸ்தான்புல்லின் பொஸ்பரஸ் நீரிணை. அவ்வளவுதான். மற்றதெல்லாம் தெருப்புழுதி.

அந்தத் தெருவில் ஒழுங்காக பஸ் விட்டவர்களும் இருந்தார்கள். 1957 ஏப்ரல் 15ஆம் திகதி இருபது பயணிகளோடு 'இந்தியாமேன்' என்ற பஸ் லண்டனிலிருந்து புறப்பட்டது. ஒரு வழிக் கட்டணம் 85 பவுண். பிரான்ஸ், இத்தாலி, யூகோஸ்லாவியா, துருக்கி, ஈரான், பாகிஸ்தான் எல்லாம் கடந்து ஜூன் 5ஆம் திகதி கல்கத்தா போய்ச் சேர்ந்தது. பிறகு 'ஆல்பர்ட்' என்று பேர் வைத்த ஓர் இரட்டைத் தட்டு பஸ், கீழே சமையலும் சாப்பாடும், மேலே படுக்கையுமாக, 1968 முதல் 1976 வரை லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் ஓடியது. சில தடவை சிட்னி வரைக்கும் போனது. இலங்கைக்கும் லண்டன் இரட்டைத் தட்டு பஸ்கள் வந்தன. ஆனால் அவை ஓடி வரவில்லை. லண்டனில் ஓடித் தேய்ந்தவற்றை இங்கே வாங்கிக் கப்பலில் இறக்கினார்கள். கொழும்புத் தெருக்களில் சிவப்பாக ஓடியவை அவைதான்.

இந்தக் கதையை மேல்நாட்டுப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதுகின்றன. நீள முடி, கிட்டார், காபூல் தேநீர்க் கடை என்று ஒரு ஏக்கத்தோடு எழுதுகின்றன. எழுதட்டும். ஆனால் பாதையின் இந்தக் கடைசித் துண்டில், தலைமன்னார்க் கப்பலில், நீள முடிக்காரன் எப்போதும் சிறுபான்மைதான். அந்தக் கப்பல் இருந்தது தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்த தோட்டத்துச் சனத்துக்காக.

1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் ரயில் பாதையும் திறக்கப்பட்டதோடு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கப்பல் ஓடத் தொடங்கியது. கடல் தூரம் 22 மைல். மதராஸ் எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்தால் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். 'போட் மெயில்' என்று அதற்குப் பேர். அதற்கு முன்பு வந்தவர்கள் மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. ஊவாவுக்கு ஒதுக்கப்பட்டவர்களுக்கு அதன் பிறகும் மலையேற்றம் பாக்கி. ரயில் பண்டாரவளைக்கு 1894இல்தான் வந்தது. பதுளைக்கு வர இன்னும் முப்பது வருடம், 1924 ஆனது. மொனராகலைக்கு இன்றைக்கும் வரவில்லை.

கப்பல் வந்தபிறகும் பயணம் சுகமானது என்று சொல்லிவிட முடியாது. மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவல். கழுத்திலே தோட்டத்து இலக்கம் பொறித்த தகரத் துண்டு. வழிச்செலவு கங்காணியின் கடன் கணக்கில். ஆனாலும் அந்தப் பாதைக்கு ஒரு குணம் இருந்தது. அது இரண்டு பக்கமும் திறந்திருந்தது. பசறை, லுணுகலைப் பக்கத்து லயத்திலிருந்து கிளம்பியவர் பதுளையில் கோச்சி ஏறி, பொல்காவலையில் மாறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்தால் திருச்சிக்கோ புதுக்கோட்டைக்கோ போய்ச் சேரலாம். குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டுவது, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்ப்பது, அப்பனுக்குக் கொள்ளி வைப்பது என்று போய், கையில் காசு தீர்ந்ததும் திரும்பி வந்து பேர் பதிவுக்கு நிற்கலாம். கடவுச்சீட்டு, விசா என்ற சொற்கள் அந்த வாழ்க்கையில் கிடையாது.

பாதை சுருங்கத் தொடங்கியது அலுவலகங்களில். 1939இல் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் குடிபெயர்வதைத் தடை செய்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்துச் சனத்தில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அதே வருடத்துக் குடிவரவுச் சட்டம் கப்பல் படியில் காகிதம் கேட்க வைத்தது. போனால் திரும்ப விடுவார்களா என்ற பயத்தில், தாய் செத்த தந்தி வந்தும் போகாமல் இருந்தவர்கள் உண்டு. காகிதம் இல்லாமல் கடல் கடந்தவர்களைக் கள்ளத்தோணி என்றார்கள். போகப் போக, கடலையே பார்த்திராத பேரப்பிள்ளையையும் அப்படித்தான் அழைத்தார்கள்.

பிறகு 1964. அக்டோபர் 30ஆம் திகதி இரு நாட்டுப் பிரதமர்களின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றிருந்த ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேருக்குப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். அரிசி மூட்டையைப் பங்கு வைக்கிறவன்கூடத் தராசைக் கொஞ்சம் தட்டிப் பார்ப்பான். அந்த ஒப்பந்தத்தின் மை காய்ந்து இரண்டு மாதம் ஆவதற்குள், டிசம்பர் 22ஆம் திகதி இரவு, புயல் தனுஷ்கோடியைத் துடைத்தெடுத்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. ஐந்தேகால் இலட்சம் பேரை அனுப்ப வேண்டிய துறைமுகம், அனுப்பத் தொடங்கும் முன்பே மண்மேடானது. பாம்பன் பாலத்தை 46 நாளில் திருத்தினார்கள், தனுஷ்கோடியைக் கைவிட்டார்கள். கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. 'ராமானுஜம்' என்ற அந்தக் கப்பலின் பெயர் மலையகத்து முதியவர்கள் பலருக்கு இன்றும் மறக்கவில்லை.

ஊவாத் தோட்டங்களிலிருந்து போனவர்களின் பயணம் கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகத்தில் தொடங்கும். அங்கே குடும்ப அட்டை. தோட்டத்தில் ஈ.பி.எவ். சேமலாப நிதிக் காசு கைக்கு வரும்வரை காத்திருப்பு. ஆடும் கோழியும் கிடைத்த விலைக்குப் போகும். தகரப் பெட்டி வாங்கி, அதன் மூடியில் வெள்ளைப் பெயின்றால் குடும்பத் தலைவர் பேரும், அட்டை இலக்கமும், 'மண்டபம் கேம்ப்' என்ற முகவரியும் எழுதுவார்கள். எழுத்துத் தெரிந்த பையனுக்கு அந்த மாதங்களில் லயத்தில் நல்ல கிராக்கி. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று கிடைத்த வீடுகளும் இருந்தன. புறப்படும் நாளில் தோட்டத்து லொறி பதுளைக்கோ பண்டாரவளைக்கோ அப்புத்தளைக்கோ கொண்டுபோய் விடும். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கோச்சியோடு சேர்ந்து ஓடுவார்கள், பிளாட்பாரம் முடியும். உள்ளேயிருந்தும் வெளியிலிருந்தும் எழுந்த அழுகையால் சனம் அதை ஒப்பாரிக் கோச்சி என்றது. அதில் ஏறியவர்கள் கூடலூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும், கன்னியாகுமரி இறப்பர் தோட்டங்களுக்கும், நூற்பாலைகளுக்கும் சிதறினார்கள். எல்லாமாக மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர். இலவசப் பயணம்தான். திரும்பி வர டிக்கெட் இல்லை.

ஆக, ஒரே கப்பலில் எழுபதுகளில் இரண்டு வகைச் சனம். வடக்கே போகும்போது பெட்டியும் பாயும் குழந்தையுமாக மலைநாட்டார். தெற்கே வரும்போது முதுகுப் பையோடு உலகம் சுற்றும் வெள்ளைக்காரர். ஒருவருக்கு விருப்பம், ஒருவருக்கு விதிப்பு.

இரண்டு பேருடைய பாதையும் ஐந்தாறு வருட இடைவெளியில் அறுந்தது. 1979 தொடக்கத்தில் ஈரானில் புரட்சி. அந்த வருடக் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. லண்டன் பஸ்ஸுக்கு நடு முதுகு முறிந்தது. இந்தப் பக்கம் 1983 ஜூலைக் கலவரம், அதைத் தொடர்ந்த போர். 1984இல் கப்பலும் நின்றது. அதில் ஒரு கொடுமை, இந்தியக் கடவுச்சீட்டு எடுத்து, தோட்டத்தில் பேரையும் வெட்டிக்கொண்டு, கப்பலுக்குக் காத்திருந்த ஆயிரக்கணக்கானோர் லயத்திலேயே மாட்டிக்கொண்டது. அவர்களுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. அதற்குள் அந்தக் கடவுச்சீட்டில் இருந்த இளைஞனின் படத்துக்குக் கீழே கையெழுத்திட்டவர் கிழவராகியிருந்தார்.

விமானம் மலிந்ததால் தரைவழிப் பயணம் தானே செத்தது என்று ஒரு விளக்கம் உண்டு. பாதி உண்மை. லண்டன்காரனுக்கு ஐம்பது நாளா பத்து மணித்தியாலமா என்று கேட்டால் அவன் எதைச் சொல்வான் என்பது தெரிந்ததே. ஆனால் டில்லிக்கும் லாகூருக்கும் என்ன தூரம்? 1999 பெப்ரவரியில் இந்தியப் பிரதமர் வாஜ்பாயி ஏறிப்போய்த் தொடக்கிவைத்த பஸ், 2001 டிசம்பர் இந்திய நாடாளுமன்றத் தாக்குதலின் பின் நின்றது, 2003இல் மறுபடி ஓடியது, 2019 ஆகஸ்டில் திரும்பவும் நின்றது. அங்கே பஸ்ஸை நிறுத்தியது விமானம் இல்லை. தலைமன்னாரிலும் அப்படித்தான். எழும்பூர் டிக்கெட்டையும் விமான டிக்கெட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற நிலையில் எந்தத் தோட்டத் தொழிலாளியும் அன்று இருந்ததில்லை.

இன்றைக்கு மொனராகலையிலிருந்து கண்டம் தாண்டும் பயணம் வேறு வடிவம். கொழும்புக்கு இரவு பஸ் ஏறினால் விடிய இறங்கலாம். அந்த பஸ்ஸில் கறுப்புப் பையை மடியில் இறுக்கி வைத்திருக்கும் பெண்ணைக் கண்டால், குவைத்துக்கோ சவூதிக்கோ போகிறவள் என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்காமலே புரிந்துகொள்வார். 2013இல் அம்பாந்தோட்டைப் பக்கம் மத்தளையில் ஒரு சர்வதேச விமான நிலையத்தையே கட்டித் திறந்தார்கள். மொனராகலைக்குக் கட்டுநாயக்காவைவிட எத்தனையோ கிட்ட. அங்கே வழக்கமான விமானங்கள் நிலைக்கவில்லை. அவளும் இரவெல்லாம் கட்டுநாயக்காவுக்கே குலுங்கிப் போகிறாள்.

கடல் பாதையும் செத்தே கிடக்கவில்லை. 2011இல் தூத்துக்குடி-கொழும்புக் கப்பல் சில மாதம் ஓடிப் பார்த்தது. இந்திய உதவியோடு திருத்திய தலைமன்னார் ரயில் பாதையை 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் மோடி கொடியசைத்துத் திறந்தார். கோச்சி துறைமுகம் வரை போய்த் திரும்புகிறது, ஏறிப்போகக் கப்பல்தான் இல்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டார்கள்; சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. யாழ்ப்பாணத்தாருக்கு அது கை எட்டும் தூரம். மொனராகலைத் தோட்டத்து ஒருவர் கூடலூரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு அதில் போக நினைத்தால் முதலில் இலங்கைத் தீவை அடியிலிருந்து நுனி வரை பஸ்ஸில் கடக்க வேண்டும். பிறகு நாகப்பட்டினத்திலிருந்து தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து நீலகிரி ஏற வேண்டும். கடவுச்சீட்டு, விசா, வழிச் சாப்பாடு, மொய், வேலைக்குப் போகாத நாட்களின் நாட்சம்பளம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் கணக்கு விமானத்தைவிடப் பெரிதாகக் குறையாமலே இருக்கக்கூடும். ராமேஸ்வரம்-தலைமன்னார்க் கப்பலையும் மறுபடி விடுவதாக இரண்டு அரசுகளும் 2023 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. அது ஓடினால் பதுளையில் ஏறிப் பொல்காவலையில் மாறும் பழைய வழியே அவருக்குப் போதும்.