கேட்காமல் வந்து விழும் சுறாக்கள்

சுறா என்றதும் பலருக்கு 1975ல் வந்த 'ஜாஸ்' படம்தான் ஞாபகத்துக்கு வரும். திறந்த வாய், வரிசை வரிசையாகப் பல், சிவந்த தண்ணீர்... ஆனால் உலகத்திலேயே பெரிய சுறா எதையும் கடிப்பதில்லை. திமிங்கலச் சுறா என்று பெயர். 12 மீட்டருக்கும் மேல் வளரும், அதாவது ஒரு பஸ்ஸை விட நீளம். தின்பதோ கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மிதக்கும் நுண்ணுயிர்களையும் பொடி மீன்களையும். வாயைத் திறந்தபடி மெதுவாக நீந்திக்கொண்டே போகும், அவ்வளவுதான்.

இந்தச் சுறா ஆண்டுதோறும் குஜராத்தின் சௌராஷ்டிரக் கரைக்கு வருகிறது. வெராவல், மாங்ரோல் பக்கத்து மீனவர்களுக்கு இது பழகிய விருந்தாளி. ஒரு காலத்தில் இதன் ஈரலை உருக்கி எண்ணெய் எடுத்து, மரப்படகில் தண்ணீர் கசியாமல் இருக்கப் பூசினார்கள். கொக்கியில் பெரிய பீப்பாய்களைக் கட்டிக் குத்திவிட்டு, மீன் களைத்துப்போகும் வரை காத்திருந்து இழுத்து வருவார்கள். அதனால் மீனுக்கே 'பாரல்' என்று பேர் வந்துவிட்டது! 1990களில் வெளிநாட்டில் இறைச்சிக்கு விலை கிடைத்ததும் வேட்டை கன்னாபின்னாவென்று பெருகியது. மைக் பாண்டே என்ற படப்பிடிப்பாளர் இதை 'ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்' என்று 2000ல் ஆவணப்படமாக எடுத்தார். அடுத்த ஆண்டு, 2001 மே மாதம், திமிங்கலச் சுறா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே முதல் அட்டவணை. இந்தியாவில் இந்தப் பாதுகாப்பைப் பெற்ற முதல் மீன் இதுதான்.

சட்டம் போட்டாயிற்று, வேட்டை நின்றது. பிரச்சினை முடிந்ததா? இல்லை. மீனவர் சுறாவைத் தேடிப் போகாவிட்டாலும் சுறா வலையைத் தேடி வந்துவிடுகிறதே! வேறு மீனுக்குப் போட்ட வலையில் பல டன் எடையுள்ள ஒன்று வந்து சுற்றிக்கொண்டால் என்ன செய்வது? அதை உயிரோடு விட வேண்டுமானால் வலையை அறுக்க வேண்டும். வலை என்பது மீனவருக்கு முதலீடு. பெரும்பாலும் கடனில் வாங்கியது. அறுத்த வலையோடு வீட்டுக்குப் போனால் அன்றைய பிடியும் இல்லை, நாளைய பிடியும் இல்லை. அறுக்காமல் காத்திருந்தால் சுறா செத்துவிடும், அப்புறம் சட்டம் வேறு. இந்த இடத்தில் "இயற்கையைக் காப்போம்" என்று போஸ்டர் ஒட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை.

2004ல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, குஜராத் வனத்துறை, டாடா கெமிக்கல்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். அதில் மிக நல்ல காரியம், மீனவர்களிடம் பேச விஞ்ஞானியை முன்னால் நிறுத்தாததுதான். ராமகதை சொல்லும் மொராரி பாபுவை அழைத்து வந்தார்கள். அவர் சொன்னது ரொம்ப எளிமையான விஷயம்: இந்த மீன் பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் மாதிரி, வீட்டுக்கு வந்த மகளை யாராவது கொல்வார்களா? சுறாவுக்கு 'வஹாலி' என்று பேர் வைத்தார்கள். குஜராத்தியில் செல்லமானவள் என்று பொருள். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்து வரும் வழக்கம் உள்ள எந்த ஊருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

செண்டிமெண்ட் மட்டும் போதாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அறுத்த வலைக்கு வனத்துறை நஷ்டஈடு தர ஏற்பாடானது. முதலில் அதிகாரி கடலுக்கு வந்து பார்த்தால்தான் கணக்கு. அவர் வந்து சேரும் வரை சுறா வலையில் தவித்துக் கிடக்கும். பிறகு மீனவர் கையிலேயே கேமராவைக் கொடுத்து, நீங்களே அறுத்துவிட்டுப் படம் எடுத்து வாருங்கள், அதுவே சாட்சி என்றார்கள். மீனவர் பேச்சை நம்பி அரசாங்கம் பணம் கொடுப்பது நம் ஊரில் தினசரி நடக்கும் விஷயமா என்ன! இப்படி இதுவரை 900க்கும் மேற்பட்ட திமிங்கலச் சுறாக்கள் உயிரோடு கடலுக்குத் திரும்பியிருக்கின்றன.

1995ல் தைவானில் பிடிபட்ட ஒரு தாய்ச் சுறாவின் வயிற்றில் சுமார் 300 குட்டிகள் இருந்தன. ஒரு வலையை அறுப்பதன் பயன் எவ்வளவு என்பதற்கு அந்த ஒரு எண் போதும்.

ஆனால் இந்த வழி எல்லாச் சுறாவுக்கும் ஒத்துவருமா என்றால், வராது. திமிங்கலச் சுறா பெரியது, கண்ணில் படும், எப்போதாவதுதான் மாட்டும். படம் எடுக்கலாம், பணம் கொடுக்கலாம். நடுக்கடலில் சூரைமீனுக்குப் போடும் நீளத் தூண்டில் கயிறு பல பத்து கிலோமீட்டர் ஓடும், ஆயிரக்கணக்கில் கொக்கி தொங்கும். அதில் நீலச் சுறாக்கள் கூட்டம் கூட்டமாக மாட்டுகின்றன. ஒவ்வொன்றுக்கும் யார் படம் எடுப்பது? இன்னும் மோசம், சூரையை ஈர்க்கக் கடலில் மிதக்கவிடும் தெப்பங்கள். அவற்றின் அடியில் தொங்கும் பழைய வலையில் பட்டுச் சுறாக்கள் சிக்கிச் செத்து, யாரும் பார்க்கும் முன்பே ஆழத்தில் விழுந்துவிடுகின்றன. இந்தியப் பெருங்கடலில் மட்டும் வருஷத்துக்கு 4,80,000 முதல் 9,60,000 வரை இப்படிச் சாகக்கூடும் என்று 2013ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. எந்தப் பிடிக் கணக்கிலும் வராத சாவு இது. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் அப்புறம் விதியை மாற்றி, 2020 முதல் தெப்பத்தில் வலையே இருக்கக்கூடாது என்றது.

தடை என்று ஒரே போடாகப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் இந்தியா பார்த்துவிட்டது. 2001 ஜூலையில் சுறா, திருக்கை வகைகள் அனைத்தையும் பிடிக்கக்கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. சுறா வேட்டைக்கே பேர்போன குமரி மாவட்டத்துத் தூத்தூர் போன்ற ஊர்களுக்கு அது சோற்றில் கைவைக்கிற காரியம். எதிர்ப்பு கிளம்பியது. அதே டிசம்பரில் பட்டியல் 10 இனங்களாகச் சுருங்கியது. வலையில் வருவதைத் தேர்ந்தெடுக்க முடியாதவனிடம் 'எதுவும் வரக்கூடாது' என்று சொல்வது சட்டமே இல்லை, வெறும் கோபம்.

கொக்கியிலேயே சுறாவை விரட்ட முடியுமா என்றும் பார்க்கிறார்கள். சுறாவின் மூக்கில் மிக மெல்லிய மின்சாரத்தையும் உணரும் நுண்துளைகள் உண்டு. தூண்டிலுக்குப் பக்கத்தில் சின்ன மின் துடிப்பு விட்டால் அதற்கு எரிச்சலாகி விலகிப் போகும். சூரைக்கு அந்த உறுப்பே கிடையாது, அதனால் அது பாட்டுக்கு வந்து கடிக்கும். 'ஷார்க்கார்ட்' என்ற பிரிட்டிஷ் கருவியை பிரெஞ்சுப் படகுகளில் சோதித்தபோது நீலச் சுறா மாட்டுவது 91 சதவீதம் குறைந்ததாக 2022ல் முடிவு வந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு கருவி வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பேட்டரி சார்ஜ் செய்ய வேண்டும். இரண்டாயிரம் கொக்கி போடும் படகுக்காரர் அந்தச் செலவை யாரிடம் வாங்குவார்? வெராவலில் அறுந்த வலைக்குப் பணம் தர ஒரு வனத்துறை இருந்தது. நடுக்கடலுக்கு வனத்துறை கிடையாது.